பூஜ்ஜியம் தொலைந்த மில்லிவிநாடி

கேள்வி: பைத்தானில் சென்சார் அளவுகளை நேரத்தோடு ஃபைலில் எழுதுகிறேன். டைம் மாட்யூலில் நேரத்தை எழுத்தாக மாற்றித் தரும் எஸ்டிஆர்எஃப்டைம் விநாடியோடு நின்றுவிடுவதால், மில்லிவிநாடியைத் தனியாகக் கணக்குப் போட்டு, புள்ளி வைத்து ஒட்டினேன். ஆனால் திடீர் திடீரென்று நேரம் பின்னால் போகிறது. கம்ப்யூட்டர் கடிகாரம் கெட்டுவிட்டதா?

பதில்: கடிகாரத்தைச் சந்தேகப்படாதீர்கள், தப்பு ஒட்டிய இடத்தில் இருக்கிறது, அதுவும் இரண்டு தப்பு. 10:15:07 ஆகி 5 மில்லிவிநாடி கடந்திருக்கிறது என்று வையுங்கள். கணக்கில் வருவது வெறும் 5, அதைப் புள்ளி வைத்து ஒட்டினால் 07.5, அதாவது ஏழரை விநாடி! வரவேண்டியது 07.005. அடுத்த அளவு 07.120 என்று பதிவாகும்போது நேரம் பின்னால் போனமாதிரிதான் தெரியும்.

இரண்டாவது தப்பு, நேரத்தை இரண்டு தடவை கேட்பது. முதல் தடவை 07.999, அதில் 07-ஐ எடுத்துக்கொண்டீர்கள். மறுபடி கேட்பதற்குள் 08.001 ஆகிவிட்டது, அதிலிருந்து 001. ஒட்டினால் 07.001. எப்போதாவதுதான் இப்படி நடக்கும் என்பதால் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

சரி, டேட்டைம் மாட்யூலுக்கு மாறுங்கள். இப்போதைய நேரத்தைத் தரும் நவ்-ஐ ஒரே தடவை கூப்பிட்டு வேரியபிளில் வைத்துக்கொண்டு, அதன் எஸ்டிஆர்எஃப்டைமில் சதவீதக் குறியும் சின்ன எஃப்-உம் போட்டால் மைக்ரோவிநாடி (விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆறு இலக்கமாக, பூஜ்ஜியமெல்லாம் நிரம்பியே வரும். மூன்று இலக்கம் போதுமென்றால் கடைசி மூன்றை வெட்டிவிடலாம். எனக்குப் பிடித்தது, தேதியையும் நேரத்தையும் ஐஎஸ்ஓ தர வடிவில் எழுதித் தரும் ஐசோஃபார்மேட்: எதுவரை எழுத வேண்டும் என்று சொல்லும் டைம்ஸ்பெக்குக்கு மில்லிசெகண்ட்ஸ் என்று கொடுத்தால் வேலை முடிந்தது, பைத்தான் 3.6-லிருந்தே இது இருக்கிறது. டைம்ஸ்பெக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் மைக்ரோவிநாடி சரியாகப் பூஜ்ஜியமாக அமைந்துவிட்டால் ஐசோஃபார்மேட் புள்ளியையும் அதற்குப் பின்னால் வருவதையும் சேர்த்தே விட்டுவிடும், எப்போதோ ஒரு வரி மட்டும் குட்டையாக வந்து, ஃபைலைப் படிக்கும் புரோகிராம் அங்கே போய் விழும்.

அப்புறம், பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் 5 இருந்தால் 005, 42 இருந்தால் 042 என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து நிரப்பிவிடலாம். அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட ஒரு விநாடி பின்னால் போகும் வரி இருந்தால், அது அந்த இரண்டாவது தப்பாகத்தான் இருக்கும். முன்வரியையும் பின்வரியையும் பார்த்து, பொருந்தினால் அதில் ஒரு விநாடி கூட்டிக்கொள்ளுங்கள்.