ட்ரை சூட் வாங்கப் போகிறீர்களா? முதலில் கழுத்தைக் கவனியுங்கள்

கேள்வி: மார்பு வரை வரும் வேடர்ஸ் (பாதத்தையும் மூடும் நீர்புகா கால்சட்டை), மேலே மழைச்சட்டை. இப்படித்தான் இரண்டு ஆண்டுகளாகக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் மீன் பிடிக்கிறேன். ஒருமுறைகூடக் கவிழ்ந்ததில்லை. நண்பர்கள் ட்ரை சூட் (கழுத்திலிருந்து கால்வரை மூடும் நீர்புகா உடை) வாங்கு என்கிறார்கள். விலையைப் பார்த்தால் இன்னொரு கயாக்கே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. அவசியம்தானா?

பதில்: தண்ணீர் எவ்வளவு குளிரில் இருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே என்றால் அவசியம்தான். கரையில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நீங்கள் விழப்போவது வெயிலில் அல்ல.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் உடல் குளிர்தலை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட், கடுங்குளிர் நீரில் விழுந்தவரின் நிலையை 1-10-1 என்று சுருக்கிச் சொன்னார். முதல் 1 நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, இரைக்கும். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் உள்ளே போகும். அடுத்த 10 நிமிடம், ஏறக்குறைய, கைகால்கள் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்கு 1 மணி நேரம் போல ஆகும். கயாக்கில் திரும்ப ஏறும் வேலை அந்த 10 நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

வேடர்ஸில் தண்ணீர் நிரம்பினால் கல்லைக் கட்டியதுபோலக் கீழே இழுத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். அது சரியல்ல. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை ஏது? வம்பு ஏறும்போதுதான் வரும். இரண்டு கால்களிலும் நிரம்பிய நீரை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், அதுவும் விறைத்துப்போன கைகளால்.

விலை கட்டாது என்றால், குளிர் மாதங்களில் கரையிலிருந்து தூண்டில் போடுங்கள். மீனுக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கினாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். ட்ரை சூட் உங்களை நனையாமல் காக்கும். மிதக்கவைக்கும் பொறுப்பு அதற்கு இல்லை.

கேள்வி: ட்ரை சூட்டின் கழுத்துப் பட்டைக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கும் லேடெக்ஸ் (மெல்லிய இயற்கை ரப்பர்), நியோப்ரீன் (மெத்தென்ற செயற்கை ரப்பர்), சிலிக்கான் என்று மூன்று விதம் சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: சரியான இடத்தில் கேட்டீர்கள். பலர் துணியின் பெயரையும் பைகளின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குகிறார்கள். தண்ணீரை வெளியே நிறுத்துவதில் பாதி வேலை இந்த ரப்பர் பட்டைகளுடையது. கேஸ்கட் என்பது இவற்றைத்தான்.

லேடெக்ஸ்தான் மிக நன்றாக அடைக்கும். தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆயுள் குறைவு. வெயில், சன்ஸ்கிரீன், கொசு விரட்டும் தைலம் எல்லாமே அதற்குப் பகை. பிசுபிசுத்து ஒரு நாள் கிழியும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். அவர்களுக்குச் சிலிக்கான் பொருந்தும். சிலிக்கான் கேஸ்கட்டை வளையத்தில் மாட்டும் உடைகளில் பழையதைக் கழற்றிப் புதியதை நாமே பொருத்தலாம் என்பது கூடுதல் வசதி.

கழுத்தில் நியோப்ரீன் வைத்ததைச் செமி-ட்ரை என்று விற்கிறார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து மீன் பிடிப்பவருக்கு இது சுகமானது, குரல்வளையை நெரிக்காது. தலை மூழ்கினால் கொஞ்சம் தண்ணீர் கசிந்து இறங்கும், அவ்வளவுதான். ஒரு விஷயத்தை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: லேடெக்ஸின் இறுக்கம் தாங்காமல் போகும் வழியெல்லாம் கழுத்தைத் திறந்து வைத்திருக்கப் போகிறவருக்கு, மூடியே இருக்கும் நியோப்ரீன்தான் மேல்.

கேள்வி: என் உயரம் 178 செ.மீ., தொப்பை உண்டு. அளவு அட்டவணையில் இரண்டு அளவுகளுக்கு நடுவே நிற்கிறேன். லேடெக்ஸ் கழுத்து போட்டால் தலை வெடிப்பதுபோல் இருக்கிறது. பெரிய அளவாக வாங்கிவிடலாமா?

பதில்: கழுத்து இறுக்கத்துக்காகப் பெரிய உடை வாங்காதீர்கள். அவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

முதலில் உடை. உள்ளே என்ன போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். ட்ரை சூட்டின் மெல்லிய துணியில் வெப்பம் எதுவும் இல்லை. கதகதப்பு முழுவதும் உள்ளே அணியும் கம்பளியிலோ ஃப்ளீஸிலோதான் இருக்கிறது. பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். போட்டபின் குத்தவைத்து உட்காருங்கள். கவட்டை இழுத்துப் பிடித்தால் உயரம் போதவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். பிறகு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, துடுப்புப் போடுவதுபோல் இடுப்பைத் திருப்புங்கள். கடைசியாக, பின்னால் வைத்திருக்கும் மீன் பெட்டியை எட்டி எடுப்பதுபோல் முதுகுப்பக்கம் கையை நீட்டுங்கள். நின்றுகொண்டு கண்ணாடி பார்த்து வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி அசைவில்தான். தொப்பைக்கு இடம் வேண்டும் என்பதற்காக உயரத்தையும் கூட்டினால் காலடியில் துணி சுருண்டு தடுக்கும். உயரம் மாறாமல் சுற்றளவு மட்டும் கூடிய அளவு கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு குத்தவைத்து உட்கார்ந்து உடம்பைக் கட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டையை ஒரு விரலால் விலக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று புஸ்ஸென்று வெளியேறும். ஒவ்வொரு முறை தண்ணீரில் இறங்குமுன்னும் இதைச் செய்ய வேண்டும். காற்று உப்பிய உடையோடு நீந்துவதும் ஏறுவதும் பெரும்பாடு.

இனிக் கழுத்து. புது லேடெக்ஸ் இறுக்கமாகத்தான் இருக்கும். தலை சுற்றினாலோ முகம் சிவந்தாலோ பொறுத்துக்கொள்ளாதீர்கள், கழற்றுங்கள். கழுத்தளவைவிடச் சற்றே பெரிய, விளிம்பு மழமழப்பான பாத்திரத்தின் மேல் ஓர் இரவு மாட்டி வைத்தால் தளரும். போதவில்லை என்றால் வெட்டலாம். கேஸ்கட்டில் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். ஒரு முறைக்கு 3 மி.மீ., கூர்மையான கத்தரிக்கோல், நிற்காத ஒரே வெட்டு. விளிம்பில் சிறு பிசிறு நின்றாலும் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்று வளையம் வெட்டிவிட்டுப் புதுக் கேஸ்கட்டுக்குப் பணம் கட்டியவன் நான். ஒன்று வெட்டுங்கள், சில முறை போட்டுப் பாருங்கள், பிறகு யோசியுங்கள். நியோப்ரீன் பட்டையை வெட்டவே கூடாது, இழுத்துத் தளர்த்த மட்டுமே செய்யலாம்.

கேள்வி: புது உடை. திரும்பி வந்து கழற்றினால் உள்ளே ஈரம். ஒழுகுகிறது என்று திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: ஈரம் எங்கே என்று பாருங்கள். முதுகு, அக்குள், மார்பு எங்கும் பரவலாக இருந்தால் அது உங்கள் வியர்வையாகவே இருக்கும். துணிக்குள் இருக்கும், வியர்வை ஆவியை வெளியே விடும் சவ்வுக்கும் ஓர் எல்லை உண்டு. வெளித்துணி தண்ணீரை உருட்டிவிடாமல் ஊறிப்போனால் வியர்வைக்கு வழி அடைபடும். ஒரே இடத்தில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் ஒழுகல். உறுதிசெய்ய, உடையை உள்வெளியாகத் திருப்பி ஒவ்வொரு காலாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓட்டை இருந்தால் வெளியே முத்துமுத்தாகத் துளிர்க்கும். மீன் பிடிப்பவர்களின் ஓட்டைகள் பெரும்பாலும் தூண்டில் முள்ளும் மீனின் துடுப்பில் நிற்கும் முள்ளும் போட்டவை. அதற்குக் கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார். கெட்டியாகும் யூரித்தேன் பசையால் நீங்களே அடைக்கலாம்.

கேள்வி: பழைய ட்ரை சூட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: கேஸ்கட் கிழிந்திருந்தால் கவலையில்லை, மாற்றலாம், அதைக் காட்டியே விலையைக் குறையுங்கள். ஜிப்பை வளைத்து ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். நீர்புகா ஜிப்பை மாற்றும் செலவு பேரத்தில் கிடைத்த லாபத்தை விழுங்கிவிடும். துணியின் உட்புறம் தோல் உரிவதுபோல் உரிந்தால், சவ்வு பிரிந்துவிட்டது என்று பொருள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சிறுநீர் கழிக்கத் தனி ஜிப் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு மணி நேரம் தண்ணீரில் இருப்பவருக்கு அது ஆடம்பரம் அல்ல.

கேள்வி: பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் எடுக்கலாமா? மீன் மிரளாதே.

பதில்: மீன் மட்டுமல்ல, உங்களைத் தேடி வரும் படகுக்காரரும் பார்க்க மாட்டார். ஆரஞ்சு எடுங்கள்.