சொந்தமாக எரிவாயு இல்லாத ஒரு சின்ன நாடு, இறக்குமதியை மட்டும் நம்பிச் சமாளிக்க முடியுமா?

கேட்டவர் பரீட்சைக்குப் படிக்கிறவர் போலிருக்கிறது. 2022இல் இலங்கையில் கேஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர் இப்படி அமைதியாகக் கேட்க மாட்டார்.

நான் ஹட்டனில் சின்னதாய் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இயற்கை எரிவாயு என்பது மீத்தேன். தெரிந்துதான் சேர்த்துப் பேசுகிறேன், சண்டைக்கு வர வேண்டாம். எதுவானாலும் நம் தீவுக்குக் கப்பலில்தான் வர வேண்டும், டொலரில்தான் கட்ட வேண்டும். மன்னார்க் கடலடியில் 2011இல் வாயு கண்டுபிடித்தார்கள்தான். அதில் இன்னும் ஒரு அடுப்பும் எரியவில்லை.

முடியும், லித்துவேனியா செய்தது. முப்பது இலட்சம் பேர்கூட இல்லாத நாடு, ரஷ்யாவிலிருந்து வரும் வாயுவையே நம்பியிருந்தது. 2014இல் கிளைப்பேடா துறைமுகத்தில் மிதக்கும் முனையக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்து நிறுத்தினார்கள். மைனஸ் 162 பாகையில் திரவமாக்கி, அறுநூறில் ஒரு பங்காய்ச் சுருக்கிக் கொண்டுவரும் வாயுவை, அந்தக் கப்பலிலேயே சூடாக்கிக் குழாயில் விடுவார்கள். நோர்வேயிடம் வாங்கினார்கள். கப்பல் வரப்போகிறது என்றதுமே பழைய வியாபாரி விலையைக் குறைத்தான். 2022 ஏப்ரலில் ரஷ்ய வாயுவே வேண்டாம் என்று விட்டார்கள்.

அதே ஏப்ரல் 12ஆம் திகதிதான் நாம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். கேஸ் கப்பல் வந்தும், காசு கட்டாமல் இறக்க முடியாமல் கடலில் கிடந்தது. முனையம் இருந்து என்ன, நாணயம் போய்விட்டதே! முந்தைய வருடம் 1,500 ரூபாய்க்குள் வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ஆனது. அதுவும் கிடைத்தால்தான்.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கே போய், முன்னால் இருந்தவரின் சிலிண்டரோடு என்னுடையதையும் சங்கிலியால் கட்டிவிட்டு மழையில் நின்றேன். விடிந்து என் முறை வந்ததும் விற்கிறவர் பெயரும் விலாசமும் பார்க்கக் கரண்ட் பில் கேட்டார். எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, பில் இன்னும் தாத்தா பெயரில்தான் வருகிறது.

"பேர்க்காரர வரச் சொல்லுங்க தம்பி."

"அவர் செத்துப் பதினொரு வருசமாச்சு அண்ணே."

"அப்ப நான் என்ன செய்ய?"

நாலு தலைமுறையாய்த் தேயிலைக் கொழுந்து பறித்து நாட்டுக்கு டொலர் கொண்டுவந்த குடும்பம். எங்களுக்குச் சொந்த விலாசம் இல்லை, கடிதம்கூடத் தோட்டத்து ஒபிசுக்குத்தான் போகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். சரி, இருக்கட்டும்.

மூன்று வாரம் கடையை மிலாறு எரித்தே ஓட்டினேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, ஈரமாய் இருந்தால் கண்ணைக் கரித்துவிடும். ரொட்டியெல்லாம் புகை வாசம். இப்போது கேஸ் தாராளமாய்க் கிடைக்கிறது. ஆனாலும் கடைக்குப் பின்னால் ஒரு சிலிண்டர் நிறைந்தபடியே நிற்கிறது, பக்கத்தில் ஒரு கட்டு மிலாறும். இடத்தை அடைக்கிறது என்று வீட்டுக்காரி தினமும் ஏசுகிறாள்.