என்னுடைய 2009 மாடல் ஸ்விஃப்ட் காரின் உயரத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் மேடு பள்ளத்தில் தூக்கிப் போடக் கூடாது. ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா, காயில்ஓவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட வேண்டுமா?

ஸ்பிரிங்கை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வண்டி 2009 மாடல் என்கிறீர்கள், முதலில் சஸ்பென்ஷன் ரப்பர்களை மாற்றுங்கள்.

என்னிடம் இருப்பது 2008 பெட்ரோல் ஸ்விஃப்ட். கோவையில் ஓடுகிறது. இரண்டு முறை இறக்கியிருக்கிறேன். முதல் முறை செய்தது சுத்த அசட்டுத்தனம். ஒரு பட்டறையில் ஒரிஜினல் ஸ்பிரிங்கையே கிரைண்டரில் வெட்டி மாட்டிக் கொடுத்தார்கள். செலவு வெறும் கூலிதான், பார்க்கவும் அம்சமாக இருந்தது. அன்று சாயங்காலம் அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் வேகத்தடையிலேயே பின்னால் ‘டம்’. "ஏங் கண்ணு, வண்டி நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கோயிலுக்கு ஆட்டோவில் போய்விட்டார்.

வெட்டினால் என்ன ஆகிறது? ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை எடுத்தால் மீதி ஐந்து சுற்றின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அது மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வண்டி நிற்கும்போதே ஷாக் அப்சார்பரின் தண்டு பாதி உள்ளே போயிருக்கும். சக்கரம் மேலே எழும்ப இடமில்லாமல் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் கட்டையில்) போய் மோதும். அம்மாவுக்குக் கேட்ட ‘டம்’ அதுதான். போதாக்குறைக்கு, வெட்டிய முனை தன் இடத்தில் சரியாக உட்காராமல் திருப்பங்களில் ‘டக் டக்’ என்று சத்தம் வேறு.

ஆக, சொகுசைக் கெடுப்பது முக்கியமாக அந்த மிச்ச இடம் குறைவதுதான். உங்கள் வண்டியில் அது எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். ஸ்விஃப்ட்டில் பின்பக்க ஷாக் ஸ்பிரிங்கை விட்டுத் தனியாக நிற்பதால் வேலை எளிது. தண்டை மூடியிருக்கும் டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, தண்டில் மெல்லிய கேபிள் டை ஒன்றை ஷாக் உடம்பை ஒட்டிக் கட்டுங்கள், நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். குடும்பத்தோடு வழக்கமான ரோட்டில் ஒரு சுற்று போய் வாருங்கள். டை மேலே ஏறி நிற்கும். அதற்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் கையிருப்பு.

நம் ஊருக்கு 25, மிஞ்சினால் 30 மி.மீ. இறக்கினால் போதும். இந்த ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 170 மி.மீ. அதில் 30 போனால் 140, ஐந்து பேர் ஏறினால் இன்னும் கீழே. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. உயரம்தான், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் தட்டாமல் ஏறி இறங்கலாம். எங்கள் தெருவில் இருப்பது குறுக்கே கிடத்திய சிமென்ட் மூட்டை. வெளிநாட்டு ஸ்பிரிங் வாங்கினால் அட்டையில் போட்டிருக்கும் ‘30 மி.மீ.’ அந்த ஊர் வண்டியின் உயரத்திலிருந்து கணக்கிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்ரோலா டீசலா என்று சொல்லியே வாங்குங்கள், டீசலுக்கு முன்பக்கம் கனம் அதிகம்.

இரண்டாவது முறை, சஸ்பென்ஷனின் ரப்பர், இணைப்புப் பாகங்களான ஸ்டிரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். ஸ்பிரிங் மாற்றும் முன்பே பாதிச் சத்தம் போய்விட்டது. ஒரு விஷயம் மட்டும் மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். உயரம் மாறினாலும் அப்படித்தான், தளர்த்தி மறுபடி முறுக்க வேண்டும்.

அப்புறம் ஸ்பிரிங். சுற்றுகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் இடைவிட்டும் இருக்கும் புரோகிரசிவ் வகையை, புது ஷாக்கோடு சேர்த்துப் போடுங்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஷாக் விறைப்பான ஸ்பிரிங்கை அடக்காது, வண்டி துள்ளும். பில்ஸ்டீனில் பி8 என்பது தாழ்ந்த ஸ்பிரிங்குக்காகவே குட்டையாகச் செய்தது, பி6 சாதாரண உயரத்துக்கானது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள். காயில்ஓவர் வேண்டாம். விலை மலிவானது முதுகை உடைக்கும், நல்லது வாங்குகிற காசுக்கு இந்த வண்டி மாதிரி இன்னொன்றே வாங்கலாம்.

டயரில் கை வைக்காதீர்கள். 185/70 ஆர்14 அளவு டயரில் பக்கச்சுவர் மட்டும் சுமார் 130 மி.மீ., பாதிச் சொகுசு அங்கேதான் இருக்கிறது. பெரிய வீல் ஆசை இருந்தால் 195/60 ஆர்15-ஓடு நில்லுங்கள், வெளி விட்டம் ஏறக்குறைய அதேதான். ஸ்பிரிங் உட்கார ஒரு வாரம் விட்டு வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

பழைய ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்திருப்பீர்கள், 5 வருடத்தில் மறுபடி ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்ட வேண்டும், அப்போது அது தேவைப்படலாம். நான் முதல் செட்டை வெட்டித் தொலைத்ததால், காயலான் கடையில் தேடி வாங்கிய நாலு ஒரிஜினல் ஸ்பிரிங் இப்போது கட்டிலுக்கு அடியில் தினத்தாளில் சுற்றிக் கிடக்கிறது.