பிரிமுலா விதைக்குச் சூடு ஆகாது

கேள்வி: ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ பக்கம் குடியிருக்கிறோம். பின்தோட்டத்தில் ஓடையோரம் எப்போதும் ஈரமாக இருக்கிற ஒரு மூலை உண்டு. அதற்காகப் பிரிமுலா ஜப்பானிகா என்ற பூச்செடியின் விதை வாங்கி, தக்காளிக்குச் செய்கிற மாதிரியே ஏப்ரலில் தட்டில் விதைத்து, மண் மூடி, ஹீட்டருக்கு மேல் ஜன்னலோரம் வைத்தேன். ஒரு மாதம் தாண்டியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைதான் சரியில்லையா?

பதில்: விதை பழசாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு முதல் சந்தேகம் ஹீட்டர் மேல்தான். வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிரிமுலா விதை முளைக்காமல் உறங்கிவிடும். 15 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. அடுத்தது, மண் மூடியது. பொடி விதை இது, முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈர மண்மேல் தூவி, லேசாக அழுத்திவிட்டால் போதும்.

அந்தத் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். வெளியே நிழலான சுவரோரம், காயாமல் வையுங்கள். ஒரு குளிர்காலம் கடந்து, வசந்தத்தில் முளைப்பதும் உண்டு. இனி வாங்கும் பாக்கெட் விதையைக் குளிர்காலத்திலேயே விதைத்து வெளியே வைத்துவிடுங்கள், குளிர் தன் வேலையைச் செய்யும். வசந்தத்தில்தான் விதைக்க முடியும் என்றால், ஈர மணலில் கலந்து மூன்று நான்கு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, தெரிந்தவர் தோட்டத்தில் கோடைக் கடைசியில் முற்றும் விதையைக் கேட்டு வாங்கி, அப்போதே விதைப்பது. புது விதைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை.

இரண்டு மூன்று இலை விட்டதும் நாற்றைப் பிரித்துச் சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். பூ பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான்.

அந்த மூலையில் தண்ணீர் ஊறி ஓடுகிறதா, குட்டையாகத் தேங்குகிறதா என்று பாருங்கள். குளிர்காலம் முழுக்கத் தேங்கினால் ஜப்பானிகாவின் குருத்து அழுகும். இலைமக்கு போட்டு மேடாக்கி நடுங்கள். சேறுதான் என்றால் பிரிமுலா ஃப்ளோரிண்டே பொருத்தம். 1924-இல், செடி தேடி அலைந்த கிங்டன் வார்டு என்பவர் திபெத்தில் கண்டு, தன் மனைவி பெயரை வைத்த செடி. ஜூலை, ஆகஸ்டில் மஞ்சளாகப் பூக்கும், நல்ல வாசனையும் உண்டு.

குளிர்காலத்தில் இலையெல்லாம் மடிந்துவிடும். செத்துவிட்டது என்று தோண்டிவிடாதீர்கள். ஆனால் வளரும் பருவத்தில், மண்ணில் ஈரமிருந்தும் செடி வாடினால் தோண்டிப் பாருங்கள்: கூன்வண்டின் வெள்ளைப் புழு வேரைத் தின்றுகொண்டிருக்கும். அதைக் கொல்லும் நூற்புழுக்கள் கடையில் கிடைக்கும். மண்ணில் சூடு இருக்கும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள்.