தூணை முதலில் நிமிர்த்துங்கள், ஹெட் அப்புறம்

கேள்வி: என்னிடம் இருப்பது சிறிய பெஞ்ச் மில்லிங் மெஷின். தூண், பேஸின் மேல் நான்கு போல்ட்டில் நிற்கிறது. ஸ்பிண்டிலில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) டயல் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவுக்கருவி) மாட்டி டேபிள் மேல் சுற்றிப் பார்த்து, எல்லாப் பக்கமும் ஒரே ரீடிங் வரும்வரை, ஸ்பிண்டிலைத் தாங்கித் தூணில் ஏறி இறங்கும் ஹெட்டைத் திருப்பிச் சரிசெய்தேன். ஆனாலும் நீளமான டிரில் மாட்டுவதற்காக ஹெட்டை 100 மி.மீ. ஏற்றினால், துளை 0.1 மி.மீ. இடப்பக்கம் தள்ளிப் போகிறது. ஏன்?

பதில்: ஸ்பிண்டில் டேபிளுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதைத்தான் டயல் சுற்று காட்டும். ஹெட் ஏறி இறங்கும் பாதை செங்குத்தா என்பது வேறு கேள்வி. உங்கள் தூண் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஹெட்டைத் திருப்பியதில் அந்தச் சாய்வு மறைந்துபோனது, அவ்வளவுதான்.

லேத்தில் கடைந்து, அடிமுகமும் அதே பிடிப்பில் சீவிய உருளை ஒன்றை டேபிள் மேல் நிறுத்துங்கள். மேலும் கீழும் மைக்ரோமீட்டரில் ஒரே விட்டம் இருக்க வேண்டும். ஹெட்டில் டயலைக் கட்டி, முள்ளை உருளையின் இடப்பக்கத்தில் தொடவிட்டு, ஹெட்டை 150 மி.மீ. ஏற்றுங்கள். பிறகு உருளையை 180 டிகிரி திருப்பி மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள். உருளையின் அடியில் கோணல் இருந்தாலும் சராசரியில் அது கழிந்துவிடும். விலை உயர்ந்த மூலமட்டம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்; எனக்கு இந்த முறைமேல்தான் நம்பிக்கை அதிகம். முன்பின் சாய்வையும் இப்படியே அளக்கலாம். அளப்பதற்கு முன், ஹெட் நகரும் ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையான ஜிப்பை இறுக்க மறக்காதீர்கள்.

உங்கள் கணக்குப்படி 150 மி.மீ. உயரத்துக்கு 0.15 மி.மீ. விலகல் வரும். இடது, வலது போல்ட்டுகளுக்கு நடுவே 120 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், அடியில் கொடுக்கும் மெல்லிய தகடான ஷிம்மின் தடிமன் 0.15 × 120 ÷ 150, அதாவது 0.12 மி.மீ. தூண் சாய்ந்திருக்கும் இடப்பக்கத்து அடியில் அதை வைக்க வேண்டும்.

போல்ட்டைத் தளர்த்துமுன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஹெட்டை இறக்கி, டேபிள் மேல் ஒரு மரக்கட்டையில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் தூண் முன்னால் கவிழ்ந்துவிடும். தூணைத் தூக்கியதும் அடிமுகத்தைப் பாருங்கள். பெயின்ட், பட்டி, பிசிறு இருந்தால் சுரண்டித் துடைத்து, மறுபடி மாட்டி அளங்கள். சில மெஷின்களில் சாய்வின் பெரும்பகுதி இதிலேயே போய்விடும், ஷிம்முக்கு வேலையே இருக்காது.

வேலை இருந்தால் பித்தளைத் தகடு நல்லது. காகிதம் வேண்டாம், நாளாக ஆக நசுங்கும். போல்ட்டைச் சுற்றி அகலமாகத் தாங்கும்படி வெட்டுங்கள். சின்னத் துண்டின் மேல் நின்றால் கட்டிங்கில் தூண் அதிரும். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முழுதாக இறுக்கிய பிறகு வரும் ரீடிங்கைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

தூண் நேரானதும் பழைய ஹெட் செட்டிங் தப்பாகிவிடும். டயலைச் சுற்றி ஹெட்டை மறுபடி சரிசெய்யுங்கள். முன்பின் வித்தியாசம் மிச்சம் இருந்தால், ஹெட்டுக்கும் அது உட்காரும் ஸ்லைடுக்கும் நடுவே ஷிம் வையுங்கள். தூணைத் திரும்பத் தொட வேண்டாம்.