வீட்டில் செய்யும் கற்றாழை சீரம் கெடாமல் இருக்க விட்டமின் ஈ காப்ஸ்யூல் போதுமா?

போதாது. கற்றாழை ஜெல், ரோஸ் வாட்டர், கிளிசரின் மூன்றையும் கலந்து, இரண்டு விட்டமின் ஈ காப்ஸ்யூலைக் கிள்ளி ஊற்றிவிட்டால் ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் இருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நம்பி முகத்தில் தடவாதீர்கள்.

விட்டமின் ஈ, எண்ணெயில் சிக்கு வாடை வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அது ஒன்றும் செய்யாது. தண்ணீர் இருக்கும் எந்தக் கலவையிலும் கிருமி வளரும், ஃப்ரிட்ஜ் அந்த வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், நிறம் மாறி வாடை வருவதற்கு வெகு முன்பே கிருமி பெருகியிருக்கும், பார்த்தால் நேற்றுச் செய்தது போலவே இருக்கும். சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியா ஒன்று கண்ணுக்குள் போனால் பார்வைக்கே ஆபத்து.

நம் வீட்டு நலங்கு மாவை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காயவைத்து அரைத்து வைப்பார்கள், குளிக்கப் போகும்போதுதான் தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். ஈரமே இல்லாததால்தான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. புதுக் கற்றாழையையும் அதுபோல வேண்டும்போது மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மடலை வெட்டி, மஞ்சள் பால் வடியவிட்டு, கழுவி, அப்போதே தடவி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சேமித்து வைக்க அது தோதான பொருளே இல்லை.

வைத்திருந்து பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் நான் செய்யும் எளிய நியாசினமைடு (விட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) சீரத்தைச் சொல்கிறேன். 100 கிராமுக்கு டிஸ்டில்டு வாட்டர் 90.7, நியாசினமைடு 4, கிளிசரின் 4, கெட்டியாக்கும் பொடியான சாந்தன் கம் 0.3, கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ் 1 கிராம். நான் போடுவது ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸில்கிளிசரினும் சேர்ந்து வரும் திரவம். ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு ஐரோப்பிய விதிப்படி உச்சவரம்பே 1 சதவீதம்தான், அதனால் ஸ்பூன் கணக்கும் சொட்டுக் கணக்கும் இங்கே வேண்டாம், 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாந்தன் கம்மை நேராகத் தண்ணீரில் தூவினால் மேலே ஈரமும் உள்ளே மாவுமாகக் கட்டி கட்டியாக நிற்கும், லேசில் கரையாது. முதலில் கிளிசரினில் குழைத்து, அப்புறம் நியாசினமைடு கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். கடைசியாகப் பிரிசர்வேட்டிவ். சூடாக்கிச் செய்யும் க்ரீம் என்றால் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் அதைச் சேர்க்க வேண்டும்.

புளிப்பை அளக்கும் பிஹெச் தாள் வைத்துப் பாருங்கள் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்), 5-லிருந்து 7-க்குள் இருக்கட்டும். ரொம்பப் புளிப்பானால் நியாசினமைடு மெல்ல நிக்கோடினிக் அமிலமாக மாறி முகம் சிவந்து எரியலாம். உணவில் போடும் பிரிசர்வேட்டிவான சோடியம் பென்சோயேட் வீட்டில் இருக்கிறது, அதையே போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பிஹெச் 5-க்குக் கீழேதான் ஒழுங்காக வேலை செய்யும், இந்த சீரத்துக்குச் சரிவராது.

பாத்திரம், கரண்டி, பாட்டில் எல்லாவற்றையும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்து உலரவிடுங்கள். விரல் விட்டு எடுக்கும் டப்பா வேண்டாம், பம்ப் பாட்டில் நல்லது. இவ்வளவு செய்தாலும் ஆய்வகத்தில் சோதிக்காத பொருள் என்பதால் கொஞ்சமாகச் செய்து, தேதி ஒட்டி, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

‘கெமிக்கல் வேண்டாம் என்றுதானே வீட்டில் செய்கிறேன்’ என்பீர்கள். புரிகிறது. ஆனால் அளவோடு போட்ட பிரிசர்வேட்டிவை விட, அது இல்லாமல் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கும் கற்றாழைத் தண்ணீர்தான் தோலுக்குக் கெடுதல். பிரிசர்வேட்டிவ் கட்டாயம் வேண்டாம் என்றால் தண்ணீரே இல்லாத எண்ணெய்க்குப் போய்விடுங்கள், உங்கள் விட்டமின் ஈ அங்கே நன்றாகப் பயன்படும்.

அப்புறம், தோழிகளுக்கு விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் அழகுசாதனப் பொருளை விற்பனைக்குத் தயாரிக்க 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி லைசென்ஸ் வேண்டும், அது இல்லாமல் இறங்காதீர்கள்.