பணத்தில் ஏன் தலைவர்களின் முகம்?

நாணயத்தில் உள்ள முகம் அடிப்படையில் ஒரு முத்திரை. 'இதை வெளியிட்டது நான்தான், எடைக்கும் தரத்துக்கும் நான் பொறுப்பு' என்று ஆள்பவர் சொல்வது. எழுத்தறியாதவருக்கும் அது புரியும். உயிரோடு இருக்கும்போதே ரோம நாணயத்தில் தன் முகத்தைப் பொறிக்கவைத்தவர் ஜூலியஸ் சீசர், கி.மு. 44-இல். அதே ஆண்டு கொல்லப்பட்டார் என்பது வேறு கதை.

காகித நோட்டு வந்த பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்தது: கள்ளநோட்டு. பழைய வகுப்புப் புகைப்படத்தில் நண்பனின் முகத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவோம், பின்னால் இருந்த சுவரின் வேலைப்பாடு நினைவில் இருக்காது. நோட்டிலும் அப்படித்தான். ஒரு பூவேலைப்பாடு சற்றுப் பிசகினால் கவனிக்கமாட்டோம். முகத்தில் கண்ணோரக் கோடு ஒன்று தடித்தாலே 'ஏதோ சரியில்லையே' என்று தோன்றும். உருவப்படத்தை உற்றுப் பாருங்கள், மெல்லிய கோடுகளும் புள்ளிகளும்தான் இருக்கும். பல நோட்டுகளில் விரலால் தடவினால் மையின் மேடுகூடத் தட்டுப்படும்.

சரி, யார் முகம்? முடியாட்சி நாடுகளில் பெரும்பாலும் அரசர். அமெரிக்காவில் உயிரோடு இருப்பவர் படத்தை நோட்டில் போட 1866-லேயே தடை வந்துவிட்டது. நோட்டு அச்சிடும் பிரிவின் அதிகாரி ஸ்பென்சர் கிளார்க் 5 சென்ட் நோட்டில் தன் படத்தையே போட்டுக்கொண்டார், அதுதான் காரணம்!

தலைவர் படம் இருந்தால்தான் பணம் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் யூரோ நோட்டுகளில் எந்தத் தலைவரும் இல்லை, பாலங்களும் சன்னல்களும்தான்.